முகத்தின் அகலம் பத்தொன்பது புள்ளி

4 ஜூன் 2023

வாலுவுக்கு,

இந்தப் பெயரில் உன்னை இனிமேல் கூப்பிடலாமா என்று தெரியவில்லை. வேறு எப்படித் தொடங்குவதென்றும் தெரியவில்லை.

ஜெயிலுக்கு இரண்டு தடவை வந்தேன். இரண்டு தடவையும் "பார்க்க விருப்பமில்லை" என்று எழுதின சீட்டைக் காவலர் ஜன்னல் வழியாக நீட்டினார். உன் கையெழுத்துதான். இரண்டாவது சீட்டில் பேனா காகிதத்தைக் கிழிக்கிற அளவுக்கு அழுத்தியிருந்தாய். சரி, பார்க்க வேண்டாம். படிக்கவாவது செய்.

அம்மா என்னோடு பேசுவதில்லை. ஒரே வீடு, ஒரே சமையலறை. நான் உள்ளே போனால் அவள் வெளியே வந்துவிடுகிறாள். ஏதாவது வேண்டுமென்றால் உன் மாமாவிடம், "உங்க வீட்டுக்காரிகிட்ட சொல்லுங்க" என்கிறாள். நடுவில் மாட்டிக்கொண்டு அந்த மனிதர் பாதி நாள் வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறார்.

நான் செய்ததை ஒரு தடவை முழுசாகச் சொல்லிவிடுகிறேன். கோர்ட்டில் கேட்ட கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்லவிட்டார்கள். போன வருஷம் ஜூலையில், மத்தியானம் மூன்று மணிக்கு, நல்ல மழையில், தொப்பி போட்ட ஒருவன் மருந்துக் கடைக்குள் நுழைந்து கல்லாவில் கை வைத்தான். கல்லாவில் வேலைக்கு இருந்தவர் எழுந்து அவனைப் பிடித்தார். அவன் தள்ளினதில் அவர் மண்டை வாசல் படியில் மோதியது. பதினோரு நாள் கண் திறக்காமல் கிடந்து போய்விட்டார். இவ்வளவும் உனக்குத் தெரியும்.

மறுநாள் காலையில் இன்ஸ்பெக்டர் ஸ்டுடியோவுக்கு வந்தார். "ஆள் கேமராவுல விழுந்திருக்கான்மா, மூஞ்சிதான் மங்கலா இருக்கு. நீங்க கல்யாணப் படமெல்லாம் பளிச்சுன்னு பண்றவங்க. இதைக் கொஞ்சம் தெளிவாக்கிக் கொடுங்க" என்றார். மூன்று மணி நேரம் உட்கார்ந்தேன். பெரிதாக்கினேன், விளிம்பைக் கூராக்கினேன், நிழலைப் பிரித்தேன். கொஞ்சம் கொஞ்சமாக ஒரு முகம் மேலே வந்தது. நீ.

என் கை நின்றுவிட்டது. இன்ஸ்பெக்டர் முதுகுக்குப் பின்னால்தான் நின்றார். "யாருன்னு தெரியுதா?" என்றார். தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆஸ்பத்திரியில் ஒரு மனிதர் கிடந்தார், வாலு. என்னால் முடியவில்லை.

அவருக்கு மனைவி இருக்கிறாள். தீர்ப்பன்று கோர்ட் வராந்தாவில் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்கு எழுத வேண்டாம். அவளுக்கு ஒரு வரி எழுது. செய்ததை ஒத்துக்கொண்டு ஒரே ஒரு வரி.

சோப்பும் இரண்டு பனியனும் ஒரு துண்டும் கொடுத்திருக்கிறேன்.

அக்கா


2 ஜூலை 2023

ஸ்டுடியோ முதலாளியம்மா அவர்களுக்கு,

சோப்பு வந்துச்சு. பனியன் ஒண்ணுதான் வந்துச்சு. இன்னொண்ணு வழியில யாருக்கோ அளவு சரியா இருந்திருக்கு.

அந்த அம்மாவுக்கு என்னன்னு எழுதச் சொல்றே? "உங்க வீட்டுக்காரரை நான் கண்ணால பார்த்ததே இல்லை, மன்னிச்சிடுங்க"ன்னா?

நான் பண்ணலை. போலீஸ்ல சொன்னேன், கோர்ட்ல சொன்னேன். உன்கிட்ட மட்டும்தான் சொல்லலை. ஏன்னா நீ என்கிட்ட கேட்கவே இல்லை. உனக்குத்தான் தெரிஞ்சுபோச்சே, கேட்பானேன்.

இப்ப ஒரு உண்மை சொல்றேன். உட்கார்ந்துக்கிட்டுப் படி. உன் பெரிய லென்ஸைத் திருடினது நான்தான். முகம் எடுக்கிறதுக்குன்னு பீரோவுல துணி போட்டு வெச்சிருப்பியே, அது. அன்னைக்கு மூணு மணிக்கு ஊரோட அந்தக் கோடியில, பழைய கேமரா வாங்கி விக்கிறவன் கடையில, அவன் மேஜை மேல அதைப் பிரிச்சு வெச்சுக்கிட்டு நின்னேன். மழை விடுறவரைக்கும் அங்கேயேதான் இருந்தேன். எனக்குக் கோர்ட்டே கொடுத்த வக்கீல் போய் விசாரிச்சார். "அப்படி யாரும் வரலை"ன்னுட்டான். திருட்டுச் சாமான் வாங்கினேன்னு எவன் ஒத்துக்குவான்? வக்கீல் வந்து, "திருடப் போயிருந்தேன்னு நீயே சொன்னா இன்னும் மோசம், வாயை மூடு"ன்னார். மூடிக்கிட்டேன்.

எதுக்கு எடுத்தேன்னு கேட்பே. அதுக்கு ஒரு வாரம் முந்தி உன் ஸ்டுடியோவுல ஒரு சண்டை வந்துச்சே. புது போன் வந்திருக்கு, நூத்தியெட்டு மெகாபிக்சல், உன் டப்பா வெறும் பன்னெண்டு, இனிமே கடையை இழுத்து மூட வேண்டியதுதான்னு நான் சொன்னேன். நீ என்ன சொன்னே? வந்திருந்த ஆளுங்க எல்லார் முன்னாடியும், "கொசுவலையில எத்தனை ஓட்டைன்னு எண்ணிப் பார்த்துத்தான் வெளிச்சம் எவ்வளவு வரும்னு சொல்லுவியாடா மக்கு?"ன்னே. எல்லாரும் சிரிச்சாங்க. படம் எடுக்க வந்திருந்த கல்யாணப் பொண்ணுகூட சிரிச்சுது. அந்தச் சிரிப்புக்காகத்தான் உன் லென்ஸை எடுத்தேன். அதை வித்து அந்த போனையே வாங்கி உன் மூஞ்சிக்கு நேரா நீட்டணும்னு நினைச்சேன்.

நான் திருடன்தான். ஆனா அந்தத் திருடன் இல்லை.

என் அறையில ஒருத்தர் இருக்கார். வெளியில பேனர் அடிக்கிற தொழில். நீ கோர்ட்ல கொடுத்த படத்தைப் பத்தி அவர்கிட்ட சொன்னேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். எனக்குப் பதில் தெரியலை. உனக்குத் தெரிஞ்சா எழுது. நீ தெளிவாக்குறதுக்கு முந்தி, அந்த மொத்தப் படத்துல அவன் முகம் மட்டும் எத்தனை புள்ளி அகலம் இருந்துச்சு?

கைதி எண் 2217


15 ஜூலை 2023

தம்பிக்கு,

லென்ஸை நீதான் எடுத்தாய் என்பது எனக்கு அன்றைக்கே தெரியும். ஒரு தப்பை ஒத்துக்கொண்டால் இன்னொன்று இல்லாமல் போய்விடும் என்று நினைக்கிறாயா? சின்ன வயதிலிருந்தே உனக்கு இந்த வழக்கம் உண்டு. கண்ணாடியை உடைத்துவிட்டு, பூனைக்குப் பால் கொட்டினதை மட்டும் ஒப்புக்கொள்வாய்.

பழைய கேமரா கடைக்குப் போய்க் கேட்டேன். "அப்படி யாரும் வரலை" என்றுதான் என்னிடமும் சொன்னான்.

அது எட்டு மெகாபிக்சல் கேமரா. ஒரு கோர்ட், ஒரு நீதிபதி, இரண்டு வக்கீல் எல்லாரும் பார்த்த படம். அதற்குமேல் ஒரு பேனர்காரர் கேட்டதற்கெல்லாம் நான் பதில் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

அந்த மூலப் படம் இன்னும் என் கம்ப்யூட்டரில் இருக்கிறது. நான் திறக்கவில்லை.

அக்கா


6 ஆகஸ்ட் 2023

அக்கா,

பேனர்காரர் ஒரு கதை சொன்னார். ஒரு ஆள் தபால்தலை அளவு போட்டோவைக் கொண்டுவந்து, எங்கப்பாவுக்கு இருபதடி பேனர் அடிச்சுக் கொடுங்கன்னானாம். இவர் அடிச்சுட்டார். மாட்டினப்புறம் அந்த ஆளோட அம்மா வந்து பார்த்துட்டு, "நல்லாத்தான் இருக்கு, ஆனா இது யாரு?"ன்னு கேட்டாங்களாம். மூக்கு, கண்ணு, மீசை எல்லாத்தையும் இவரே வரைஞ்சிருக்கார். "சின்னதுல இல்லாதது பெருசுல எங்கேயிருந்து வரும் தம்பி? நாமதான் கொண்டுவந்து வைக்கணும்"னார்.

இதையே நீ எனக்கு ஆயிரம் தடவை சொல்லியிருக்கே. உன் தொழில், உன் வாய். மத்தவங்க மெகாபிக்சல்னு பேசினா உனக்குச் சிரிப்பு வரும். போலீஸ்காரர் வந்து பேசினப்ப மட்டும் ஏன் வரலை?

அம்மா வந்தாங்க. கம்பிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து முழு நேரமும் என் விரல் நகத்தையே பார்த்துட்டு, "வெட்டிக்கோடா"ன்னு சொல்லிட்டுப் போனாங்க. நீ பண்ணினியான்னு அவங்களும் கேட்கலை. ஆனா அவங்க கேட்காதது வேற, நீ கேட்காதது வேற.

என்னை நம்ப வேண்டாம். எண்ணிப் பார். அவ்வளவுதான் கேட்கிறேன்.


10 செப்டம்பர் 2023

வாலு,

பத்தொன்பது.

உன் கடிதம் வந்து மூன்று வாரம் நான் அந்தப் படத்தைத் திறக்கவில்லை. போன திங்கட்கிழமை காலையில் திறந்தேன். மூன்று தடவை எண்ணினேன். அவன் முகம் ஒரு காதிலிருந்து மறு காதுக்குப் பத்தொன்பது புள்ளி அகலம். கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கறுப்புப் புள்ளி, பக்கத்தில் ஒரு சாம்பல். மூக்கு என்று எதுவுமே இல்லை. ஒரு வெளுத்த கட்டம் இருக்கிறது, அவ்வளவுதான்.

நேராக மருந்துக் கடைக்குப் போனேன். கடைக்காரர் பெருமையாகக் கேமராவைக் காட்டினார். "எட்டு மெகாபிக்சலுங்க, ஈ பறந்தாக்கூடத் தெரியும்" என்றார். ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தேன். கண்ணாடிக் குமிழ் முழுக்கப் பிசுக்கு. உள்ளே சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு லென்ஸ். எட்டு மெகாபிக்சலையும் அது அந்தக் கடை முழுசுக்கும், வாசலுக்கும், பாதித் தெருவுக்கும் பங்கு போட்டுக் கொடுக்கிறது. ஒரு முகத்துக்கு என்ன மிஞ்சும்? அதுவும் பொய்க் கணக்கு. கேமரா பார்ப்பது எட்டு, சேமிக்கிற பெட்டி இடம் மிச்சம் பிடிக்க எழுதி வைப்பது இரண்டுதான். மழை இருட்டில் வெளிச்சம் பத்தாமல் அது கண்ணை மெதுவாகச் சிமிட்டியிருக்கிறது. அவன் நகர்ந்ததில் இருந்த கொஞ்சமும் இழுபட்டுக் குழம்பிவிட்டது. இதெல்லாம் எனக்குத் தெரியாததா? தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். அன்றைக்கு ஏறிப் பார்க்கவில்லை.

மறுநாள் மழை பெய்தது. மூன்று மணிக்கு உன் மாமாவுக்குத் தொப்பி போட்டு அதே வாசலில் நடக்கவிட்டேன். கடைக்காரரிடம் அந்தப் பதிவை வாங்கிவந்து, அன்று செய்தது போலவே உட்கார்ந்து செய்தேன். பெரிதாக்கி, கூராக்கி, நிழல் பிரித்து. முடித்ததும் மாமாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "மூக்கு உங்க வீட்டு மூக்கால்ல இருக்கு" என்றார். சிரிப்பார் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை. வெளியே போய்விட்டார்.

உன்னை நான் எத்தனை படம் எடுத்திருப்பேன்? புது விளக்கு வாங்கினால் நீ. புதுத் திரை மாட்டினால் நீ. உன் தாடையில் நிழல் எங்கே விழும், எந்தப் புருவம் ஒரு நூல் மேலே இருக்கும் என்று என் கைக்குத் தெரியும். இல்லாத இடத்தையெல்லாம் அந்தக் கை உன்னை வைத்து நிரப்பிவிட்டது. அதற்கு மேலும் ஒன்று இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். இன்ஸ்பெக்டர் வருவதற்கு அரை மணி நேரம் முந்தித்தான் பீரோவைத் திறந்து லென்ஸ் இல்லாததைப் பார்த்திருந்தேன். திருட்டுப் பயல் என்று உன்னை மனதுக்குள் திட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அவர் உள்ளே வந்து "திருடன்" என்றார்.

கோர்ட்டில் அரசு வக்கீல் கேட்டார்: "கேமரா எத்தனை மெகாபிக்சல்?" எட்டு என்றேன். "ஆளை அடையாளம் காண அது போதுமா?" போதும் என்றேன். சாட்சி சொன்ன பக்கத்துக் கடை டெய்லர்கூட, நான் செய்து கொடுத்த படத்தைப் போலீஸ் காட்டின பிறகுதான் "இவன்தான்" என்று சொன்னார் என்று இப்போது தெரிகிறது. எல்லாமே அந்த ஒரு "போதும்" மேல் நிற்கிறது.

பழைய கேமரா கடைக்கு மறுபடி போனேன். இந்தத் தடவை எதுவும் கேட்கவில்லை, முகம் எடுக்க ஒரு லென்ஸ் வேண்டும் என்றேன். என் லென்ஸையே எடுத்து மேஜை மேல் வைத்தான். வளையத்தில் நான் போட்ட கீறல் இருந்தது. அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "பையன் வந்தான்மா, மழை விடுறவரைக்கும் இங்கதான் இருந்தான். ஆனா கோர்ட்டுக்கெல்லாம் வரமாட்டேன், எனக்குக் குடும்பம் இருக்கு" என்றான். காலில் விழுந்தும் பார்த்தேன்.

ஒரு வக்கீலம்மாவைப் பார்த்திருக்கிறேன். மேல்கோர்ட்டில் மனுப் போடலாம், ஆனால் நான் சொன்னது தப்பு என்று நானே எழுதிக் கொடுக்க வேண்டும், அது என் மேலேயே திரும்பலாம் என்றார். எழுதிக் கொடுத்துவிட்டேன்.

மன்னிப்புக் கேட்க இந்தக் காகிதம் போதாது. கேட்கவும் இல்லை.

அக்கா


1 அக்டோபர் 2023

அக்கா,

வக்கீலம்மா வந்தாங்க. நல்லவங்க. வேகமா பேசுறாங்க.

உன் கடிதத்தைப் பேனர்காரர்கிட்ட படிச்சுக் காட்டினேன். மாமா மூக்கு வந்ததும் அவர் சிரிச்சுட்டார். நானும் சிரிச்சேன். அப்புறம் கடிதத்தை மடிச்சுப் பாய்க்கு அடியில வெச்சுட்டேன்.

நீ எழுதினதெல்லாம் சரி. கேமரா சின்னது, மழை, பிசுக்கு, பெட்டி. எல்லாம் புரிஞ்சுது. எனக்கு ஆறாதது அது இல்லை. பத்தொன்பது புள்ளியில யாரை வேணும்னாலும் நீ பார்த்திருக்கலாம். இன்ஸ்பெக்டரைப் பார்த்திருக்கலாம், மாமாவைப் பார்த்திருக்கலாம், தெருவுல போற ஒருத்தனைப் பார்த்திருக்கலாம். நீ என்னைத் தேடினே. தேடினதாலதான் கிடைச்சேன்.

நீ பொய் சொல்லியிருந்தாக்கூட என்னால தாங்கியிருக்க முடியும். நீ உண்மைன்னு நம்பித்தானே சொன்னே. என் அக்கா மனசுல நான் அப்படிப்பட்ட ஆள்.

மனுப் போட்டதுக்கு நன்றின்னு எழுதப் பேனாவை எடுத்தேன். வரலை. அப்புறம் பார்க்கலாம்.


22 ஜனவரி 2024

வாலு,

அம்மாவை எடுத்த அன்றைக்கு உன்னோடு ஒரு வார்த்தை பேச முடியவில்லை. பேச விட்டிருந்தாலும் நீ பேசியிருக்க மாட்டாய் என்று தெரியும். அம்மாவின் பக்கத்தில் உன்னை நிறுத்தி, "பத்து நிமிஷம்" என்று அந்தக் காவலர் வாட்சைப் பார்த்தபோது அவர் சட்டையைப் பிடித்துவிடலாம் போலிருந்தது. விலங்கோடு அம்மா நெற்றியைத் தொட நீ இரண்டு கையையும் சேர்த்துத் தூக்கினாய். அதைப் பார்த்த பிறகு எனக்கு எதுவும் சரியாக நினைவில்லை.

கடைசி ஒரு வாரம் அம்மா என்னோடு பேசினாள். மூச்சு வாங்கிக்கொண்டு, விட்டு விட்டு. நான் தப்புப் பண்ணிவிட்டேன், அது வாலு இல்லை என்று முன்னாலேயே சொல்லியிருந்தேன். அப்போது சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். சாவதற்கு நான்கு நாள் முந்தி, நான் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தபோது சொன்னாள்: "அந்தப் படத்தை நான் பார்க்கவே இல்லைடி. கோர்ட்ல எல்லாரும் எட்டிப் பார்த்தாங்க, நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். பார்த்தா எனக்கும் அவன் மாதிரியே தெரிஞ்சுடுமோன்னு பயம்." ஒன்றரை வருஷம் என்னோடு பேசாமல் இருந்தது என் மேல் இருந்த கோபத்தினால் மட்டும் இல்லை போலிருக்கிறது.

இதை உன்னிடம் சொல்லலாமா என்று ரொம்ப யோசித்தேன். இனிமேல் உன்னிடம் எதையும் மறைப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன்.

மனுவை மார்ச்சுக்குத் தள்ளிவைத்திருக்கிறார்கள். இன்ஸ்பெக்டர் ஒரு நாள் வந்தார். உட்காரவில்லை. "அன்னைக்கு ஒண்ணு, இன்னைக்கு ஒண்ணு பேசுறீங்க. தம்பிங்கிறதால மாத்திப் பேசுறீங்கன்னு கோர்ட் நினைக்காதா?" என்றார். ஸ்டுடியோவுக்கு ஆள் வருவதில்லை. பொய்ப் படம் பண்ணுகிறவள் என்று பேச்சு. பலகையைக் கழற்றிவிட்டேன். ஒரு பள்ளிக்கூடத்தில் அடையாள அட்டைக்குப் படம் எடுக்கப் போகிறேன். பிள்ளைகள் ஒவ்வொன்றாக வந்து உட்காருகின்றன. "சிரிக்கலாமா மிஸ்?" என்று கேட்கின்றன. கூடாது என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

அக்கா


11 பிப்ரவரி 2024

அக்கா,

நீ என் பக்கத்துல வந்து நின்னே. நான் தள்ளிப் போனேன். வேணும்னேதான் போனேன். அப்புறம் வண்டியில வரும்போது, இவளுக்கும் அம்மாதானே செத்துப்போனாங்கன்னு தோணுச்சு.

அம்மா சொன்னதை எழுதினது நல்லதா கெட்டதான்னு தெரியலை. படிச்சுட்டேன். யார்கிட்டயும் காட்டலை.

நகம் வெட்டிட்டேன்.


3 செப்டம்பர் 2024

வாலு,

வக்கீலம்மா உனக்குத் தகவல் சொல்லியிருப்பார். இருந்தாலும் நான் எழுத வேண்டும். உன்னை விட்டுவிட்டார்கள். வர வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வெளியே அனுப்புவார்களாம். நான் வாசலில் இருப்பேன்.

போன மாதம் என்னைக் கூண்டில் ஏற்றினார்கள். இரண்டு நீதிபதிகள். மூலப் படத்தைத் திரையில் போடச் சொன்னேன். போட்டார்கள். முகம் மட்டும் திரை முழுக்க வரும் வரைக்கும் பெரிதாக்கச் சொன்னேன். கட்டம் கட்டமாக வந்தது. மூத்த நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். "இதில் முகம் எங்கேம்மா இருக்கு?" என்றார். "இல்லைங்க ஐயா" என்றேன். "அப்போ நீங்க கொடுத்த படத்தில் இருந்த முகம்?" என்றார். "அது நான் போட்டது" என்றேன். "தெரிஞ்சே போட்டீங்களா?" என்றார். "தெரியாமல் போட்டேன். ஆனால் தெரிந்திருக்க வேண்டியவள்" என்றேன். அதை எழுதிக்கொண்டார்கள்.

தீர்ப்பு நாளன்று செத்துப்போனவரின் மனைவியும் வந்திருந்தாள். உன்னை விடுவிப்பதாகப் படித்து முடித்ததும் எழுந்து நின்றாள். நீதிபதியைக் கேட்கவில்லை, வக்கீலைக் கேட்கவில்லை. இரண்டு வரிசை தாண்டி என்னைப் பார்த்து, "அப்போ யாரு?" என்றாள்.

வராந்தாவில் என் பின்னாலேயே வந்தாள். "ரெண்டு வருஷமா உன் தம்பியைத் திட்டித் திட்டித்தான் தூங்கினேன். இனிமே நான் யாரைத் திட்டுவேன்? நீயே சொல்லு, உனக்குத்தான் படமெல்லாம் தெரியுமே" என்றாள். அவள் சண்டை போடவில்லை. நிஜமாகவே கேட்டாள். அவன் யாரென்று இனிமேல் யாருக்கும் தெரியப் போவதில்லை. அந்த நாள் பதிவில் அவன் முகம் வருகிற இடம் அது ஒன்றுதான். அதில் அவன் இல்லை.

தவறான சாட்சி சொன்னதற்காக என் மேல் வழக்குப் போட உத்தரவாகியிருக்கிறது. அதைப் பற்றி நீ கவலைப்படாதே. மாமா திட்டிக்கொண்டே கூட வருகிறார்.

உன் அறையைப் பெருக்கி வைத்திருக்கிறேன். வர வேண்டும் என்று கட்டாயமில்லை. வியாழக்கிழமை பத்து மணி.

அக்கா


29 செப்டம்பர் 2024

அக்கா,

அந்த வியாழக்கிழமை நீ பத்து மணிக்கு வந்திருப்பே. வாசல்ல கேட்டிருப்பே. "எட்டரைக்கே விட்டாச்சும்மா"ன்னு சொல்லியிருப்பாங்க. அதுக்கப்புறம் நீ எவ்வளவு நேரம் அங்க நின்னேன்னு எனக்குத் தெரிய வேண்டாம்.

நடந்ததை நடந்தபடி எழுதுறேன்.

எட்டரைக்கு வெளியில வந்தேன். காத்திருக்கலாம்னுதான் நினைச்சேன். சத்தியமா. சுவரோரமா போய் உட்காரலாம்னு திரும்பினேன், ரோட்டுக்கு அந்தப் பக்கம் பஸ் ஸ்டாப்புல நீ நின்னே. முதுகைக் காட்டிக்கிட்டு, இடது கால்ல பாரத்தைப் போட்டு, பையை ரெண்டு கையாலயும் வயித்தோட அணைச்சுக்கிட்டு. முகம் தெரியலை. முகம் எதுக்கு? என் அக்கா நிக்கிறது எனக்குத் தெரியாதா? ஒன்றரை மணி நேரம் முன்னாடியே வந்து நிக்கிறா பார்னு நினைச்சேன். முதல்ல ரோட்டைத் தாண்டத்தான் போனேன். அடுத்த நிமிஷம் உள்ளே இருந்து கொதிச்சுக்கிட்டு வந்துச்சு. இவளைப் பார்த்து நான் என்ன பேசணும்? இவ அழுவா, நான் தேத்தணும். ரெண்டு வருஷம் உள்ள இருந்தது நான், தேத்த வேண்டியதும் நானா?

ஒரு லாரி நின்னுட்டிருந்துச்சு. அதுக்குப் பின்னாடி ஒளிஞ்சேன். வெளியில வந்து அஞ்சு நிமிஷம் ஆகலை, திருடன் மாதிரி ஒளிஞ்சு நிக்கிறேன். இந்தப் பக்கம் ஒரு பஸ் வந்துச்சு. எங்க போறதுன்னுகூடப் பார்க்காம ஏறிட்டேன்.

பஸ் நகர்ந்தப்ப ஜன்னல் வழியா பார்த்தேன். அந்த அம்மா திரும்பினாங்க. நீ இல்லை. உன்னைவிட இருபது வயசு பெரியவங்க. கண்ணாடி போட்டிருந்தாங்க. யாரோ. அவங்க பஸ்ஸுக்காக நின்னுட்டிருந்தாங்க, அவ்வளவுதான்.

இறங்கியிருக்கலாம். அடுத்த ஸ்டாப் பக்கத்துலதான். கண்டக்டர் "எங்க போகணும்?"னு ரெண்டு தடவை கேட்டார். கடைசி ஸ்டாப்னு சொன்னேன்.

இதை எழுதுறதால நீயும் நானும் சமம்னு ஆயிடாது. நான் தப்பா பார்த்ததுல ஒரு காலை நேரம் போச்சு. நீ தப்பா பார்த்ததுல போனது என்னன்னு உனக்கே தெரியும். அதைத் தட்டுல வெச்சுப் பார்க்கிற எண்ணம் எனக்கு இல்லை. ஆனா ஒண்ணை உன்கிட்ட சொல்லாம இருக்க முடியலை. அந்த லாரிக்குப் பின்னாடி நின்னப்ப, அது நீதானான்னு எனக்கு ஒரு துளிகூடச் சந்தேகம் வரலை.

இங்க ஒரு கிடங்குல மூட்டை ஏத்துற வேலை. தங்குறதுக்கு நாலு பேரோட ஒரு அறை. யாரும் எதுவும் கேட்கிறதில்லை. முதுகு வலிக்குது, தூக்கம் வருது. உள்ள இருந்தப்ப வராத தூக்கம்.

விலாசம் பின்பக்கம் இருக்கு. இங்க வராதே. வந்தா நான் எப்படி நடந்துக்குவேன்னு எனக்கே தெரியாது. மாமாவுக்கு நான் நல்லா இருக்கேன்னு சொல்லு.

உன் கேஸ் எந்தத் தேதிக்கு வருதுன்னு எழுது.

தம்பி